அம்பத்தொண்ணும் தொண்ணூத்தஞ்சும்

அன்றைக்கு வில்லியனூர் கடைத்தெருவில் என் மளிகைக் கடையில் இருந்தவர்கள்: கல்லாவில் நான், பெஞ்சில் டைலர், அரை லிட்டர் நல்லெண்ணெய்க்காக அரை மணி நேரமாக நிற்கும் மீன்காரம்மா, பருப்பு மூட்டை மேல் ஒரு பூனை, அப்புறம், குத்துச்சண்டை பைத்தியத்தால் 'நாக்-அவுட்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்ட நாக்கவுட்டு. இந்தக் கூட்டத்தில் குத்துச்சண்டையை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் நடக்காத குத்துச்சண்டையைப் பற்றி நாக்கவுட்டு பேசிய அளவுக்குப் பேசியவர் இந்த உலகத்திலேயே கிடையாது. அடித்துச் சொல்கிறேன்.

அவர் தொழில் மோட்டாருக்குள் இருக்கும் செப்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, புதிதாகக் கட்டுவது. பாகூர் பக்கத்து வயல்களில் புகைந்துபோன பம்ப்செட் மோட்டாரெல்லாம் என் கடைக்கு அடுத்திருந்த அவர் பட்டறைக்குத்தான் வரும். வந்ததை அவிழ்த்துப் போட்டுவிட்டு இங்கே வந்துவிடுவார். அங்கே விவசாயி பயிரோடு சேர்ந்து காய்ந்துகொண்டிருப்பார். இங்கே இவர் என் பொட்டுக்கடலையைக் கொறித்துக்கொண்டு செல்போனில் குத்துச்சண்டை பார்ப்பார்.

ஆள் நாற்பத்தாறு கிலோ. மூட்டை நிறுக்கும் என் தராசில் ஏறி ஏறிப் பார்த்துக்கொள்வார். வீரர்களின் பெயர் அவர் வாயில் நுழையாது. எடைதான் பெயர். ஐம்பத்தொரு கிலோ பிரிவின் சாம்பியன் 'அம்பத்தொண்ணு'. பெரிய எடை சாம்பியன் 'தொண்ணூத்தஞ்சு'. இருவரையும் மோதவிட்டால் யார் ஜெயிப்பார்கள்? யாரும் கேட்காத இந்தக் கேள்விக்குத் தினமும் வியாபார நேரத்தில் பதில் சொல்வார்.

"அம்பத்தொண்ணுதான்பா. இன்னா டவுட்டு? பெரியவன் கைய தூக்கறதுக்குள்ள சின்னவன் நாலு குத்து வுட்டுட்டுப் பூடுவான்."

டைலர் எதிர்க்கட்சி. "யோவ், அவன் குத்தவே வேணாம்யா. சும்மா மேல சாஞ்சா போதும். உன் ஆளு பிழிஞ்ச எலுமிச்சம்பழம்."

"சாயறதுக்கு சின்னவன் அங்க நிக்கணும்ல? ஏழரை எச்.பி. மோட்டர் பாத்திருக்கியா? ஸ்டார்ட்டிங்லதான் அந்த சத்தம். ஏழாவது ரவுண்டுல சூடாயி காயிலு புகைஞ்சிரும்."

"ரெண்டு பேரும் செத்த தள்ளிப் போயி அடிச்சிக்கினு சாவுங்கடா. எண்ணெ ஊத்தற மனுஷன் உங்க வாயையே பாத்துக்கினு நிக்கறாரு" என்றார் மீன்காரம்மா.

அவர் சொன்னது பொய்யில்லை. எனக்கும் சின்னவன்தான் ஜெயிக்கவேண்டும் என்று இருந்தது.

ஒருநாள் டைலர் சீண்டியதில் நாக்கவுட்டு, இருபத்தைந்து கிலோ பொன்னி அரிசி மூட்டையைத் தொண்ணூற்றைந்தாக நிற்கவைத்து, சுற்றிச் சுற்றி வந்து குத்திக் காட்டினார். நாலாவது குத்தில் மணிக்கட்டு பிசகியது. மூட்டை அசையவில்லை. கட்டுப் போட்ட கையோடு வந்து, "பாயிண்ட்ஸ்ல நான்தான் ஜெயிச்சேன்" என்றார்.

சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் எதிரே இருந்த காலி மனையில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்தது. ஏசி, தள்ளுவண்டி, வாசலில் பொம்மை வேஷம் போட்டவன் கை கொடுக்கிறான்.

நான் எட்டாவதோடு நின்றவன். கணக்கு ஒன்றுதான் வரும். அது வருவதால் கவலையும் வரும். திறப்பு விழாவுக்கு அவர்கள் வாழைமரம் கட்டும்போதே நான் பிரஷர் மாத்திரையை ஒரு வேளை கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் படிப்பு, வீட்டு அரிசி, என் மாத்திரை, எல்லாம் அந்தக் கல்லாவிலிருந்துதான்.

நாக்கவுட்டின் முகத்தில் மட்டும் கல்யாணக் களை. வாழ்நாள் பூராவும் கற்பனையில் பார்த்த மேட்ச் கண்ணெதிரே வந்துவிட்டதே!

"மொதலாளி, பயப்படாத. நீ அம்பத்தொண்ணு. அது தொண்ணூத்தஞ்சு. கரண்டு பில்லு, சம்பளம்னு அதுக்கு வெயிட்டு ஜாஸ்தி. ஏழாவது ரவுண்டுல மூச்சு வாங்கும் பாரு."

"ஏழாவது ரவுண்டு எப்பண்ணே வரும்?"

"ஏழாவது மாசம்."

முதல் ரவுண்டு, வயிற்றில் குத்து: துவரம் பருப்பில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். அவர்கள் பத்து குறைத்தார்கள்.

அடுத்தது கால் ஆட்டம். "ஒரே எடத்துல நிக்காத. வூடு வூடா கொண்டு போ." கரிக்கலாம்பாக்கத்தில் புதிதாக முளைத்த மனைகளில் குடிவந்த ஒருவர் போன் செய்தார். மொபெட்டில் போனேன். கேட்டது ஒரு கட்டு கொத்துமல்லி. திரும்பி வந்ததும் என் மனைவி கேட்டாள்: "அந்தாளு பேச்ச கேட்டு, கொத்துமல்லிய விட பெட்ரோலுக்கு ஜாஸ்தி குடுத்துட்டு வந்தீங்களா?"

மூன்றாவது, கட்டிப்பிடித்தல். அடி தாங்காத வீரன் எதிராளியைக் கட்டிக்கொண்டு தொங்குவானாம். "கஸ்டமரக் கட்டிப்புடி. கடன் குடு." கொடுத்தேன். கடனுக்கு என் கடை, காசுக்கு ஏசி கடை என்று ஊர் பிரித்துக்கொண்டது. நல்லெண்ணெய்க்கு இத்தனை வருஷம் என் கடையில் நின்ற மீன்காரம்மாகூட ஒருநாள் எதிரே இருந்து பையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் பையை மூடிக்கொண்டார். அப்படி மூடியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏழாவது மாதம் வந்தது. அவர்கள் இரண்டாவது மாடி கட்டினார்கள். நான் கடையைக் காலி செய்தேன்.

அலமாரிகளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவே பார்த்தது. டைலர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது.

"இன்னா நாக்கவுட்டு, அம்பத்தொண்ணு வுழுந்துடுச்சே?"

நாக்கவுட்டு என்னைப் பார்த்தார். காலியான கடையைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், அவர் இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி என்று சொல்லியிருந்தால் தராசுக் கல்லை எடுத்து வீசியிருப்பேன்.

"இன்னா வுழுந்துச்சு? மேட்ச்சே நடக்கலியே."

"இன்னாது?"

"வெயிட்டு வேற வேறன்னா ரிங்குல ஏத்தவே மாட்டாங்கடா. எடை பாக்கற எடத்துலயே திருப்பி அனுப்பிடுவாங்க. ஏத்தி வுட்டா அதுக்குப் பேரு மேட்ச் இல்ல, கொலை. நடக்காத மேட்ச்சுல இவரு எப்படிடா தோத்தாரு?"

டைலர் கிட்டே வந்தார். "அப்ப இத்தினி வருஷமா சின்னவன்தான் ஜெயிப்பான்னு தொண்ட கிழியப் பேசினியே?"

"சும்மா பேசினேன். நீ சொன்னதுதான் சரி. சின்னவன் ஜெயிக்க மாட்டான்."

அத்தனை வருஷ வாதத்தில் ஜெயித்த டைலர், தலையைக் குனிந்துகொண்டு ஒரு அலமாரியைத் தூக்கப் போனார். இதை ஏழு மாதத்துக்கு முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம், பாவி மனுஷன்.

இப்போது நான் வேறொருவரின் மாட்டுத்தீவனக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எதிரே எந்தக் கடை வந்தாலும் அது முதலாளி கவலை. ஆனாலும் நான்தான் கவலைப்படுகிறேன். நாக்கவுட்டுக்கு மாடு கிடையாது, ஆடு கிடையாது, ஒரு கோழிகூடக் கிடையாது. தினமும் வந்து தவிட்டு மூட்டை மேல் உட்காருகிறார். செல்போனை வெளியே எடுப்பதில்லை.

போன வாரம் நானே ஆரம்பித்துப் பார்த்தேன். "அண்ணே, அம்பத்தொண்ணும் தொண்ணூத்தஞ்சும் மோதினா?"

"அதெல்லாம் போடமாட்டாங்கபா" என்று தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் தோற்கவில்லை என்று ஆக்குவதற்காக ஒருமுறை சொன்னதை இன்றுவரை மாற்றாமல் வைத்திருக்கிறார். சின்னவன்தான் ஜெயிப்பான் என்று அந்த நாற்பத்தாறு கிலோ மனிதர் பழையபடி ஒரே ஒரு தடவை சத்தம் போட்டுவிட்டால், எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்.