தட்டம் ஏந்திப் போய் வாங்கிய பெயர்

பிள்ளையைத் தூக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் பெயர் வைக்கவும் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். நானே சாட்சி.

ஊரில் நாங்கள் தோற்றுப் போர் முடிந்த அந்தக் கோடையில் என் மகளுக்கு ஐந்து மாதம். பெயர் இல்லை. தன் அண்ணன்தான் பெயர் வைக்க வேண்டும் என்று மனைவி வசந்தி ஒரே பிடி. (அண்ணனோ வன்னியில். இருக்கிறாரா என்பதே தெரியாது.) நாங்கள் வாழும் டேனிஷ் ஊரான ஸ்கீவவில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது. பிள்ளை இந்த நாட்டு வழக்கப்படி முற்றத்துத் தள்ளுவண்டியில் தூங்கும். பக்கத்தில் வசந்தி, மடியில் தொலைபேசி. குடாக்கடலிலிருந்து மூடுபனி மெல்ல ஏறிவரும். யாரோ காணும் கனவுக்குள் நாங்கள் உட்கார்ந்திருப்பதுபோல எனக்குத் தோன்றும்.

ஆறு மாதத்துக்குள் பெயரைப் பதிய வேண்டும் என்பது சட்டம். இங்கே அதைப் பதிவது தேவாலய அலுவலகத்தில். கோயில் என்று வந்தபின் வெறுங்கையோடு போகலாமா? தேங்காய், பழம், வெற்றிலையோடு தட்டம் ஏந்திப் போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். படியில் தேங்காயையும் படீரென்று உடைத்தேன். (கல்லறைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பாவம்.)

ஓடிவந்த அலுவலகப் பெண்மணி, தேங்காய்த் தண்ணீரில் நனைந்த காலோடு நின்ற என்னை உள்ளே கூட்டிப்போய்க் கோப்பி தந்தார். என்ன பெயர் என்று கேட்டார். ஐயரிடம் கேட்பதுபோல, நல்லதாக நீங்களே ஒன்று சொல்லுங்கள் என்றேன். அவர் திகைத்து, தன் தாயின் பெயரைச் சொன்னார். சீனே. இந்த நாட்டின் பழைய பெயர். 'புதிய வெற்றி' என்று பொருளாம்.

எனக்குப் புல்லரித்தது. அங்கேயே பதிந்துவிட்டேன். மூளை வேலை செய்யத் தொடங்கியது வீட்டுக்கு வரும் வழியில்தான்.

"புதிய வெற்றியோ? இந்த வருசத்திலயோ?" வசந்தி தட்டத்தைப் பிடுங்கினாள். "அண்ணை இல்லையெண்டு நீங்களே முடிவு கட்டிட்டியளோ?"

அழுதாள்.

அடுத்த கிழமை தொலைபேசி அடித்தது. அகதி முகாமிலிருந்து அண்ணன்! வசந்தி பேச முடியாமல் விம்மி, தொலைபேசியை என் கையில் திணித்தாள்.

"மச்சான், மருமோளுக்கு என்ன பேர்?"

சொன்னேன். பொருளையும் சொன்னேன். மறுமுனையில் அவர் அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்யுது புது வெற்றி?"

"கிடந்து அழுகுது, மச்சான்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். "இருக்கட்டும். நான்தான் வைச்சனெண்டு சொல்லுங்கோ." வசந்தி தொலைபேசியில் காதை ஒட்டி, அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு அழுதாள்.

இன்றும் கிளிநொச்சியிலிருந்து கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது, "புது வெற்றி என்ன செய்யுது?" என்றுதான். வளர்ந்துவிட்ட மகள் டேனிஷில் எதையோ சொல்லி, அறைக்கதவை அடித்துச் சாத்துவாள்.

"வெற்றி எங்களோட இன்னும் கதைக்கிறேல்லை, மச்சான்" என்பேன்.