சாய்வு எலப்புளி

ழகரம் சுத்தமாக வருகிறது என்று பெருமைப்படுகிறவனை நம்பிக் கடைக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

கல்யாணமான புதிது. செஞ்சியில் மாமனார் வீட்டில் விருந்து. வந்த அன்றே, “மழைன்னு சொல்லுங்க, மலை இல்ல” என்று வீட்டில் எல்லோருக்கும் உச்சரிப்புப் பாடம் எடுத்துவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.)

திருநெல்வேலியிலிருந்து என் அம்மாவும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். சம்பந்தியம்மா முதல்முறையாக வருகிறார் என்று மாமா பாத்ரூமுக்குப் புதுக்கதவு போட்டிருந்தார். அது நிலையில் முட்டிக்கொண்டு சாத்த மறுத்தது. ஆசாரி கதவைக் கழற்றி வைத்துவிட்டு, விளிம்பைச் சாய்வாகச் சீவினால் போதும் என்றார். அதற்கான சாய்வு இழைப்புளி அவரிடம் இல்லை. மரப்பட்டறை பாயிடம் இருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். முன்னறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது, கொல்லையிலிருந்து மாமா போட்ட சத்தம் மட்டும்தான்.

“மாப்ளே! பாய்கிட்ட சாய்வு எலப்புளி வாங்கிட்டு வாங்க. அர்ஜென்ட்!”

அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. புளி விவகாரம் என்று புரிந்துகொண்டேன். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புது மாப்பிள்ளை கேட்பானா?

எனக்குத் தெரிந்த ஒரே பாய் மளிகைக்கடை பாய்.

“எலப்புளியா? கொட்ட எடுத்த புளி இருக்குது, எடுக்காத புளி இருக்குது. எலன்னா மரத்துலதான் ஏறணும் தம்பி” என்று சிரித்தார்.

கிண்டலை வழிகாட்டலாக எடுத்துக்கொண்டேன். சிங்கவரம் சாலையில் ஒரு புளியமரம் சாய்ந்து நின்றது. ‘சாய்வு’க்கும் அர்த்தம் விளங்கிவிட்டது! ஏறினேன். கட்டெறும்புகள் வரவேற்றன. பட்டுவேட்டியில் பாதி கிளையிலேயே தங்கிவிட்டது.

பை நிறையப் புளியந்தளிரோடு திரும்பினால், அம்மா வந்துவிட்டிருந்தாள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவள், பாவம், எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? அவள் பாத்ரூமுக்குள். வெளியே மாமாவும் ஆசாரியும் கதவைத் தூக்கி வாசலில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஆளுக்கொரு திசையில் திருப்பியபடி நின்றார்கள்.

“எலப்புளி எங்க மாப்ளே?” மாமா பல்லைக் கடித்தார்.

பையை விரித்துக் காட்டினேன்.

“இத வெச்சி இன்னாத்த சீவுறது?” என்றார் ஆசாரி. அப்புறம்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. சிரிக்க ஆரம்பித்தார். மாமாவுக்கும் தொற்றிக்கொண்டது. கதவு குலுங்கியது.

உள்ளேயிருந்து அம்மா அலறினாள். “அண்ணாச்சி, சிரிக்காதிய! கதவு ஆடுது!”

நான் ஒரு கையால் மிச்ச வேட்டியையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டேன். மானம் போயே போய்விட்டது.

அந்தக் கதவு இப்போது சத்தமில்லாமல் சாத்திக்கொள்கிறது. ஆனாலும் அம்மா செஞ்சிக்குப் போய், குளிக்கத் துண்டை எடுத்துத் தோளில் போட்டால் போதும், மாமா நாற்காலியிலிருந்து எழுந்து கேட்பார்:

“கதவு புடிக்க நான் வரட்டா சம்பந்தியம்மா, இல்ல மாப்ள ஒருத்தரே போதுமா?”