கியூசி அங்கிளும் பட்டனின் பாலிசியும்

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த அன்று கியூசி அங்கிள் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால், "ஒரு நிமிஷம் இருங்க, செக் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றிருப்பார். உலகம் இன்றுவரை அட்டைப்பெட்டியிலேயே இருந்திருக்கும்.

பீன்யா தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் குவாலிட்டி கன்ட்ரோல் பார்த்தவர். அங்கே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவர் வேலைக்கு ஓய்வு கொடுக்கவில்லை. எங்கள் காக்ஸ் டவுன் தெரு முழுக்க அவருக்குக் கியூசி அங்கிள் என்றே பெயர். கோபம் வந்தால் அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டியும் "இந்த கியூசிய வெச்சுக்கிட்டு நான் படற பாடு" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒரு பழைய பங்களாவை வீட்டுக்காரர் குறுக்கே வெட்டி இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். கீழே நானும் என் கணவரும். மேலே அங்கிளும் ஆன்ட்டியும். காலையில் தக்காளி வண்டி மஞ்சு வந்ததும் அங்கிள் வெர்னியர் காலிப்பரோடு இறங்குவார். வால்வின் கனத்தை அளக்க உதவும் அந்த இரும்புக் கருவியைத் தக்காளியின் இடுப்பில் வைத்துப் பார்த்து, "ஏன்பா, ஒண்ணு இருக்கிற மாதிரி ஒண்ணு இல்லையே?" என்பார்.

"சார், இது தக்காளி சார். ஃபாக்டரில பண்ணல. செடில பண்ணிருக்கு" என்பார் மஞ்சு.

ஒருமுறை பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினேன். சற்று நேரத்தில் கிண்ணத்தோடு அவரே வந்துவிட்டார். "நித்யா, முந்திரியெல்லாம் ஒரே பக்கமா ஒதுங்கியிருக்கும்மா. டிஸ்ட்ரிப்யூஷன் சரியில்லை." நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் கிண்ணத்தை நீட்டினார். "இன்னொரு சாம்பிள் குடு, பார்க்கலாம்." இரண்டாவது சாம்பிளும் காலி. தீர்ப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

இவ்வளவு அளந்து பார்க்கிற மனிதர் வீட்டில்தான் எந்த அளவுக்கும் அடங்காத ஒரு ஜீவன் இருந்தது. கிரேட் டேன் நாய். மகன் வாங்கி வந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்ததாம், பட்டன் என்று பெயர் வைத்தார்களாம். பிறகு மகன் கனடா போய்விட்டான். பட்டன் வளர்ந்தது. வளர்ந்துகொண்டே இருந்தது. நான் பார்க்கத் தொடங்கியபோது அது நின்ற இடத்திலிருந்தே சாப்பாட்டு மேஜையைக் கண்காணிக்கும் உயரத்தில் இருந்தது. மேலே அது படுத்தால் கீழே எங்கள் டியூப் லைட் ஒருமுறை கண் சிமிட்டும். மாலையில் அங்கிள் அதை வாக்கிங் கூட்டிப் போவார் என்று சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் பட்டன் போகும். கயிற்றின் மறுமுனையில் ஒல்லியான அங்கிளும் போவார். சர்ச் வாசலில் பார்த்தவர்கள் "ஸ்தோத்திரம் பிரதர்" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தெருவில் இருப்பார்.

சனி பிடித்தது கனடாவிலிருந்து வந்த ஒரு போனால். "டாடி, பட்டனுக்கு இன்சூரன்ஸ் எடுத்துடுங்க. பெரிய நாய், ஏதாவது வந்தா செலவு தாங்காது" என்று மகன் சொல்லிவிட்டான். சாதாரண மனிதர் எடுப்பார், அல்லது எடுக்க மாட்டார். அங்கிள் என் வீட்டுக்கு வந்தார். நான் என்றோ ஒருநாள் என் ஸ்கூட்டருக்கு ஆன்லைனில் இன்சூரன்ஸ் புதுப்பித்ததை அவர் பார்த்திருக்கிறார். அதனால் நான் இந்தத் துறையில் நிபுணர்.

"எடுக்கலாமா வேணாமா? நீயே சொல்லு."

"எடுங்க அங்கிள்."

"யோசிக்காம சொல்ற பாரு."

அன்று தொடங்கியது. நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாடிப்படியில் அவர் காலடி கேட்கும். கையில் ஏதோ ஒரு கம்பெனியின் பாலிசி விதிமுறைகள், சிவப்பு மையில் அடிக்கோடுகளோடு.

"'விபத்து'ன்னு போட்டிருக்கான். எது விபத்து? பட்டன் மேல வண்டி மோதினா விபத்து. சரி. வண்டி மேல பட்டன் மோதினா?"

"அதுவும் விபத்துதான் அங்கிள்."

"யாருக்கு?"

போன வாரம்தான் பட்டன் ஆசையோடு ஓடிவந்து என் ஸ்கூட்டரைச் சாய்த்திருந்தது. பட்டனுக்கு ஒரு கீறல் இல்லை. ஸ்கூட்டருக்குக் கண்ணாடி போய்விட்டது.

என் கணவர் ஒரு வழி சொன்னார். "பேசாம மாசா மாசம் பிரீமியத்துக்கு ஆகற காசைத் தனியா ஒரு பாங்க் கணக்குல போட்டு வைங்க அங்கிள். தேவைப்பட்டா எடுத்துக்கலாம்." நல்ல யோசனைதான். அங்கிள் பாங்குகளைச் செக் பண்ணக் கிளம்பிவிட்டார். எங்கள் தெருவில் இருந்த பாங்கின் மேனேஜர் பிறகு எங்களைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தார்.

ஒருநாள் ஏஜெண்ட்டையே வரவழைத்தார். நிபுணர் என்பதால் நானும் போயாக வேண்டும். பாவம், சின்னப் பையன், டையெல்லாம் கட்டி வந்திருந்தான். வந்த வேகத்தில் சுவரோரமாக நின்று, "நாய் எங்க சார்?" என்றான். கதவுக்குப் பின்னாலிருந்து பட்டன் வந்தது. அது கடிக்காது, குரைக்காது. பிடித்தவர்கள் மேல் சாய்ந்துகொள்ளும். அவனைப் பார்த்ததும் பட்டனுக்குப் பிடித்துவிட்டது. சுவருக்கும் பட்டனுக்கும் நடுவில் அவனுடைய டை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"ரொம்ப ஃப்ரெண்ட்லி சார்" என்றான் மூச்சுத் திணற. "முன்பக்கம், ரெண்டு சைடு போட்டோ வேணும். டாக்டர் சர்டிஃபிகேட் வேணும். வயசு ஆக ஆக கம்பெனி எடுக்க மாட்டாங்க, சீக்கிரம் பண்ணிடுங்க. திருடு போனாக்கூட கவர் இருக்கு சார்."

காபி கொண்டுவந்த ஸ்டெல்லா ஆன்ட்டி நின்றுவிட்டார். "இவனையா? திருடினவன் ரெண்டு வேளை சோறு போட்டுப் பார்த்துட்டு அவனே ஆட்டோ வெச்சுக் கொண்டாந்து விட்டுடுவான்."

அங்கிள் காதில் அது விழவில்லை. அவர் அடிக்கோடுகளுக்குப் போய்விட்டார். இடுப்பு எலும்புக் கோளாறுக்கு உண்டா? பரம்பரை வியாதி என்றால் கிடையாது சார். பெரிய நாய்க்கு வருவதே அதுதானே? ஆமா சார். பாலிசி போட்ட உடனே வயிற்றில் கோளாறு வந்தால்? கொஞ்ச நாள் காத்திருப்புக் காலம் இருக்கு சார். அந்தக் கொஞ்ச நாளைப் பட்டனுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? பையன் ஒருவழியாகச் சுவரிலிருந்து தன்னை உரித்துக்கொண்டு, "பர்த்தீனி சார்" என்று கன்னடத்தில் விடைபெற்று இறங்கினான். திரும்ப வருவேன் என்றுதான் அதற்கு அர்த்தம். வரவில்லை.

நான் பொறுமை இழந்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"ஒரு சிக்கல் நித்யா. பாலிசி எடுத்தா அது எனக்கு எப்ப பிரயோஜனம்? பட்டனுக்கு ஏதாவது வந்தா. வரலேன்னா கட்டின காசு வீண். இப்ப நான் ஜெபத்துல என்ன கேக்கறது? அவன் நல்லாருக்கணும்னு கேட்டா காசு போகுது. காசு வீணாகக் கூடாதுன்னு நினைச்சா..."

"அங்கிள்! உங்க நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்கறீங்களோ இல்லையோ, நீங்க இன்னும் ஒரு வாரம் இப்படியே வந்தீங்கன்னா எனக்கு ஒண்ணு எடுத்தாகணும். எடுக்கப் போறீங்களா, இல்லையா? ஒரு வார்த்தை!"

அவர் எழுந்தார். வாசல்வரை போனார். "எடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒரே ஒரு விதில ஒரு கமா இடம் மாறியிருக்கு. விளக்கம் கேட்டு கம்பெனிக்கு எழுதியிருக்கேன். பதில் வந்ததும் எடுத்துடலாம்."

பதில் வருவதற்குள் அந்த சனிக்கிழமை வந்துவிட்டது.

காலை டிபன் நேரம். மேலே ஆன்ட்டி போட்ட சத்தத்தில் நான் தோசைக் கரண்டியோடு ஓடினேன். பட்டன் ஹாலில் நின்றுகொண்டிருந்தது. வாந்தி எடுக்க முயன்று முயன்று பார்க்கிறது, ஒன்றும் வரவில்லை. வயிறு தவில் மாதிரி உப்பியிருந்தது. வாயிலிருந்து எச்சில் கோடாக வடிந்தது. அங்கிள் பக்கத்தில் மண்டியிட்டு, "என்னடா? என்னடா ராஜா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். "பெரிய நாயா? வயிறு உப்பியிருக்கா? உடனே தூக்கிட்டு வாங்க, ஒரு நிமிஷம் லேட் பண்ணாதீங்க" என்றார்.

தூக்கிக்கொண்டு வருவதென்றால் லேசா? என் கணவர் ஊரில் இல்லை. வாசலில் மஞ்சு தக்காளிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டதும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்தார். கம்பளியை விரித்து, பட்டனை அதில் படுக்க வைத்து, ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துப் படியிறக்கினோம். "ஸ்வல்ப மெதுவா, கொஞ்சம் மெதுவா" என்று மஞ்சு எங்களை அதட்டிக்கொண்டே வந்தார். எங்கள் சின்னக் காரின் பின்சீட் முழுக்க பட்டன். அதன் தலைக்கு அடியில் எப்படியோ அங்கிள். நான் ஓட்ட, ஆன்ட்டி முன்னால் உட்கார்ந்து வழியில் இருந்த ஒவ்வொரு சிக்னலையும் திட்டிக்கொண்டே வந்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், வேகமாக வந்தார். "இரைப்பை முறுக்கிக்கிச்சு அங்கிள். பெரிய சைஸ் நாய்ங்களுக்கு இது வரும். இப்பவே ஆபரேஷன் பண்ணியாகணும். பண்ணினாலும் பிழைக்கும்னு உறுதி குடுக்க முடியாது. செலவும் ஜாஸ்தி ஆகும். வெயிட் பண்ண டைம் இல்லை."

எனக்கு அங்கிளை நினைத்துத்தான் பயம். உறுதி கிடையாது என்கிறார் டாக்டர். இந்த மனிதர் எந்த டாக்டர், எந்த ஊரில் படித்தார், என்ன கத்தி என்று ஆரம்பித்தால் பட்டன் கதி? நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"பண்ணுங்க டாக்டர்."

"ரிஸ்க் எல்லாம் இதுல இருக்கு அங்கிள், படிச்சுப் பார்த்து..."

அந்தப் பேப்பரை வாங்கினார். தீப்பெட்டியின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காமல் குச்சி கிழிக்காத மனிதர், ஒரு எழுத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. அதையும் கவனிக்கவில்லை.

உள்ளே கதவைச் சாத்திய பிறகு மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பட்டனின் கழுத்துப் பட்டையை அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "என்னாலதானேம்மா? நான் எதையாவது கவனிக்காம விட்டுட்டேனா?" என்று கேட்டார். ஆன்ட்டி அவர் முதுகில் ஒன்று வைத்தார், அடி மாதிரியும் இருந்தது, தடவியது மாதிரியும் இருந்தது. "நீங்களா? கவனிக்காம விட்டீங்களா? சும்மா இருங்க."

மதியம் டாக்டர் வெளியே வந்து, முறுக்கை எடுத்துவிட்டதாகவும், இனி திரும்பாதபடி இரைப்பையை வயிற்றின் உட்சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டதாகவும் சொன்னார். அங்கிள் உள்ளே போய், மயக்கத்தில் நாக்கு வெளியே தொங்கக் கிடந்த பட்டனைப் பார்த்தார். பிறகு தையலைக் குனிந்து பார்த்தார். எங்கே காலிப்பரை எடுக்கப் போகிறாரோ என்று பயந்தேன். "ரொம்ப நீட்டா பண்ணியிருக்கீங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்றபடி சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

பட்டன் பிழைத்தது. மகன் பாதிச் செலவை அனுப்பினான். மீதிக்கு ஆன்ட்டியின் வளையல்கள் கொஞ்ச நாள் வெளியூர் போய் வந்தன. கமாவுக்கு விளக்கம் சொல்லிக் கம்பெனியிலிருந்து மரியாதையான பதிலும் வந்தது. ஆனால் ஏற்கெனவே வந்துவிட்ட வியாதிக்கு இனி பாலிசி கிடையாது. எடுத்திருந்தால் கிடைத்திருக்குமா, காத்திருப்புக் காலம் தாண்டியிருக்குமா என்று அங்கிள் அடுத்த ஒரு வாரம் என் சோபாவில் உட்கார்ந்து ஆராய்ந்தார். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

இப்போதெல்லாம் பெரிய நாய் வளர்க்கும் யாரைப் பார்த்தாலும் அவர் நிறுத்திவிடுவார். "குட்டியா இருக்கும்போதே எடுத்துடுங்க. இல்லேன்னா தனியா காசு சேர்த்து வைங்க. ரெண்டுல ஒண்ணை இன்னிக்கே பண்ணிடுங்க." இதோடு நிறுத்தினால் அவர் கியூசி அங்கிள் இல்லையே. "எந்த பாலிசி நல்லதுன்னு கேக்கறீங்களா? வாங்க, உக்காந்து பார்ப்போம்" என்பார். அவர்கள் பாவம், நாயை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு பட்டன் மாடி ஏறக் கஷ்டப்பட்டது. அங்கிள் ஒரே வாரத்தில் ஜோகுபாளையத்தில் தரைத்தளமாக ஒரு வீடு பார்த்துக் குடிபோய்விட்டார். சாமான் ஏற்றிய அன்று நான் என் கணவரிடம், "அப்பாடா, இனிமேல் நிம்மதியா செருப்பைக் கழட்டலாம்" என்றேன். இப்போது மேலே ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு ஜோடி. சத்தமே இல்லை. டியூப் லைட்டை என் கணவர் மாற்றிவிட்டார்.

மாதம் ஒருமுறையாவது போன் வரும். ஃபிரிட்ஜ் வாங்கலாமா, வேண்டாமா? ஒரு கதவா, இரண்டு கதவா? "நீ நேர்ல வந்து சொல்லேன்." நான் சலித்துக்கொண்டேதான் கிளம்புகிறேன். நான் என்ன சொன்னாலும் அவர் எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அங்கே கூடத்தில், ஜன்னலோரமாக ஒரே ஒரு நாற்காலியைத் துடைத்து, பட்டனை ஏறவிடாமல் எனக்காகக் காலியாக வைத்திருப்பார்.