அந்த வருஷத்து முதல் டுரியான்

பழம் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அதுவரை வீரமுத்துவுக்கு வெற்றிதான். ஆனால் ஊர்க் கண்ணை ஏமாற்றத் தெரிந்தவனுக்கு ஊர் மூக்கை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அங்கம்மா, இன்னொரு சாக்கு எடு. சீக்கிரம்!"

"இருந்த சாக்கெல்லாம் சுத்தியாச்சு. இனிமே என் சேலைதான் இருக்கு."

"வாசம் வருதே!"

"டுரியான்னா வாசம் வராம பாட்டா வரும்?"

விடியற்காலை. பெரட்டு மணி இன்னும் அடிக்கவில்லை. மணி அடித்தால் லயத்து வீடுகளிலிருந்து ஜனமெல்லாம் வெளியே வந்து வரிசையில் நிற்கும். கங்காணி ஐயாசாமி பேர் கூப்பிடுவார். அந்தக் கங்காணியின் மூக்கு, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சேதி வாங்கும் மூக்கு.

லாபிஸுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அப்போது பழக்காலம். ரயில் பாதைக்கு அந்தப் புறம் மலாய்க்காரர் குடியிருந்த கம்பத்தில் ரம்புத்தான் மரங்கள் நெருப்புப் பிடித்தது போல் நின்றன. மங்குஸ்தீன் தோலின் கறை படியாத விரல் கிடையாது. லயத்துக் கொல்லைகளில் புடலங்காய் கல்லைக் கட்டிக்கொண்டு தொங்கியது. கத்தரிச் செடி காய்ப் பாரம் தாங்காமல் மண்ணில் சாய்ந்து கிடந்தது. உலகமே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த அந்த மாதத்தில், வீரமுத்து மட்டும் சிறைப்பட்ட அரசனைப் போல் தன் வீட்டுப் பின்புறத்து டுரியான் மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அது கஞ்ச மரம். பருவத்துக்கு ஒரே ஒரு பழம்தான் உருப்படியாகத் தரும். முதலில் விழும் பழம் அதுதான். அதற்குப் பின் விழுவதெல்லாம் புழுவுக்கும் அணிலுக்கும்.

அந்த முதல் பழமோ தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு.

அப்படி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஐயாசாமிதான். முதல் வருஷம் அவர் அந்தப் பழத்தைக் கழுவி, மஞ்சள் பூசி, முள்ளுக்கு முள் குங்குமத்தைக் குழைத்து வைத்து, மாலை சுற்றிப் பித்தளைத் தட்டில் வைத்தார். முன்னால் தப்பு முழங்கியது. ரப்பர்ப் பால் வெட்டப் புறப்பட்ட ஜனம் பால்வெட்டுக் கத்தியை இடுப்பில் செருகியபடியே பின்னால் நடந்தது. பங்களா வாசலில் போய் நின்றதும் துரை படுக்கை உடுப்போடு ஓடிவந்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பேச்சே வரவில்லை அவருக்கு. அத்தனை சந்தோஷம்.

அடுத்த வாரம் லயத்துக்குக் கிணறு வெட்ட ஆள் வந்தது.

மறு வருஷம் பழம் போனது. கூரைக்குப் புது அத்தாப்பு ஓலை வந்தது. அதற்கு மறு வருஷம், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகப் பிள்ளைக் கொட்டகை. முனியாண்டிக்குப் படைத்தால்கூட இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்ததில்லை. "நாம வாயைத் திறந்து கேக்க வேண்டாம். நமக்கு என்ன வேணும்னு துரைக்கே தெரியும். அந்த மனசு யாருக்கு வரும்?" என்று கங்காணி சொல்லும்போது அவர் குரலே தழுதழுக்கும்.

பழத்துக்குக் காவல் இருந்து, பன்றி விரட்டி, வேலி கட்டிய வீரமுத்துவுக்கு மிஞ்சியது கை வாசம். ஊர்வலம் முடிந்து திரும்பும்போது உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொள்வான். அவ்வளவுதான்.

"இந்த வருஷம் நாம தின்னுறோம்" என்று அங்கம்மா பழக்காலம் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டாள். "துரை அடிச்சாலும் சரி, கங்காணி குதிச்சாலும் சரி."

"சும்மா தின்னக் கூடாது அங்கம்மா. பட்டப்பகல்ல, காலுமேல கால் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு சுளையா நிதானமா தின்னணும். திருட்டுத்தனமா இருட்டுல முழுங்குறதுக்கா இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன்?"

அந்த நிதானம்தான் வினையாகப் போயிற்று. வேலை முடிந்து வரும் வரை பழத்தை ஒளித்து வைக்க வேண்டியிருந்தது.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராஜம்மாவின் குரல் வந்தது. "அடியே அங்கம்மா! என்னாடி வாசம் உங்க வீட்டுல?"

"கருவாடுக்கா! கருவாடு வறுக்கிறேன்!"

சொல்லியாகிவிட்டது. இனி வறுத்தாக வேண்டும். அங்கம்மா அடுப்பை மூட்டினாள். கருவாட்டு வாசம் டுரியான் வாசத்தை அடக்கவில்லை. அதோடு கை கோத்துக்கொண்டு லயம் முழுக்க உலா போயிற்று. முதலில் பூனைகள் வந்தன. பிறகு பழைய சோற்றுச் சட்டியோடு ராஜம்மாவே வந்து அடுப்பருகே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு துண்டு போடுடி."

வீரமுத்துவுக்கு வேறு வழி தெரியவில்லை. பழத்தை அணைத்தபடி பாயில் விழுந்து, கம்பளியைத் தலை வரை இழுத்து மூடிக்கொண்டான்.

ராஜம்மா ஒரு வாய் வைத்தாள். மூக்கைச் சுளித்தாள். "அலமாக்! கருவாடு கெட்டுப்போச்சுடி. இப்படி நாறுது?" பிறகு கம்பளியைப் பார்த்தாள். "அண்ணன் ஏன் இன்னும் எந்திரிக்கல?"

"காய்ச்சல்க்கா" என்றாள் அங்கம்மா. வாயில் முதலில் வந்தது அதுதான்.

"கருவாடு தின்னாரா?"

"தின்…னாரு."

ராஜம்மா சட்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். "ஐயோ, ஓடி வாங்களேன்! கெட்டுப்போன கருவாட்டத் தின்னுட்டு வீரமுத்தண்ணன் விழுந்து கிடக்குறாரு!"

பெரட்டு மணி அடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஜனம் முழுவதும் கூடிவிட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஐயாசாமி உள்ளே வந்தார்.

"டேய் வீரமுத்து! என்னடா செய்யுது?"

"வயிறு கங்காணி…" முள் விலாவில் குத்தியது. "ஆ! அம்மா!"

அந்த அலறலில் பொய்யே இல்லை. கங்காணி பயந்து போனார். "டிரஸ்ஸரைக் கூப்பிடுங்கடா!"

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஜெயபாலன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். கதவருகே நின்றே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "இந்த நாத்தத்துக்குச் சந்தேகமே இல்ல. குடல் கெட்டுருக்கு. முதல்ல கழுவி வெளியேத்தணும்."

ஒரு பெரிய குவளை நிறைய விளக்கெண்ணெய். வீரமுத்து வாயை இறுக்கிக்கொண்டான். நான்கு பேர் பிடித்தார்கள். அங்கம்மா வேறு வழியில்லாமல் கணவனின் மூக்கைப் பொத்தினாள். குவளை காலியாயிற்று.

"வயிறு என்னம்மா இப்படி வீங்கியிருக்கு?" என்றார் டிரஸ்ஸர், கம்பளியின் மேட்டைப் பார்த்து.

"ராத்திரியோட ராத்திரியா வீங்கிருச்சுங்க."

"கல்லு மாதிரி இருக்கான்னு பாக்கணும்." மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

"ஐயோ!"

கத்தியது நோயாளி அல்ல, டிரஸ்ஸர். கையை உதறினார். உள்ளங்கையில் ரத்தம்.

ஐயாசாமி கம்பளியை ஒரே இழுப்பாக இழுத்தார். சாக்கு மூட்டையைக் குழந்தை போல் அணைத்தபடி வீரமுத்து கிடந்தான். சாக்கைக் கிழித்துக்கொண்டு முட்கள் எட்டிப் பார்த்தன.



"அடிப்பாவி" என்றாள் ராஜம்மா. "இதுவாடி கருவாடு?"

கங்காணிக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் முகமோ மலர்ந்தது. "பழம் விழுந்துருச்சா! டேய், பித்தளைத் தட்டை எடுங்கடா. குங்குமம் எங்கே? தப்புக்காரனைக் கூப்பிடு!"

"பழம் எங்கேயும் போகாது" என்றான் வீரமுத்து.

"என்னடா சொன்னே?"

"பழம் இந்த வீட்டுலதான் இருக்கும். அப்புறம் இந்த வயித்துல இருக்கும்."

கூட்டம் சலசலத்தது. "இந்த வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வரும்னு நினைச்சிருந்தோமே" என்று ஒரு குரல். "ஒருத்தன் நாக்குக்காக ஊரே கெடணுமா?" என்று இன்னொன்று.

அங்கம்மா கரண்டியோடு எழுந்து நின்றாள். "பன்னி விரட்டுனப்போ ஊரு எங்கே போச்சு? வேலி கட்டுனப்போ எந்த நாக்கு வந்துச்சு? துரைக்குப் பழம் வேணும்னா துரையை மரத்தடியில வந்து காத்துக் கிடக்கச் சொல்லுங்க!"

ஐயாசாமி விரலை நீட்டினார். "வீரமுத்து, நல்லாக் கேட்டுக்க. அந்தப் பழத்துல கத்தி பட்டுச்சு, இன்னைக்கே துரைகிட்டச் சொல்லி உன் பேரை வெட்டிருவேன். லயத்துல நீ ஒண்டக்கூட எடம் இருக்காது."

வீரமுத்து பழத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். வெயில் ஏறியிருந்தது. பலகையில் உட்கார்ந்தான். கால்மேல் கால் போட்டான். பாராங் கத்தியை எடுத்து ஓட்டின் பிளவில் வைத்தான்.

"நீங்க பேரை வெட்டுறதுக்குள்ள நான் இதை வெட்டிக்கிறேன் கங்காணி."

பழம் பிளந்தது.

உள்ளே வெண்ணெய் நிறத்தில் சுளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. வீரமுத்து ஒன்றை எடுத்து வாயில் வைத்தான். கண்ணை மூடினான். இனிப்பா, கசப்பா, நெய்யா, கள்ளா என்று சொல்ல முடியாத ஒன்று நாக்கிலிருந்து உச்சந்தலை வரை ஏறியது. எங்கோ கப்பல்கள் கரை சேர்ந்தன. கோட்டைக் கதவுகள் திறந்தன. லாபிஸ் ரயில் நிலையம்கூட அந்தக் கணத்தில் தூர தேசத்துத் தலைநகர் போல் அவனுக்குத் தோன்றியது.

"எப்படிய்யா இருக்கு?" என்று அங்கம்மா மெல்லக் கேட்டாள்.

"போனா போகட்டும் வேலை" என்றான்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராஜம்மா கொஞ்சம் தயங்கி, "கருவாடுன்னு பொய் சொன்னதுக்கு ஒரு சுளை குடு" என்று கை நீட்டினாள். டிரஸ்ஸர் கட்டுப் போட்ட கையாலேயே ஒன்று எடுத்துக்கொண்டார். ஊர் கெட்டது என்று சொன்னவர்கள்கூட நெருங்கி வந்தார்கள். பழம் முடிந்தபோது ஐயாசாமி மட்டும் வெறும் பித்தளைத் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பங்களாப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஆள் வந்தது. துரை கூப்பிடுகிறாராம்.

அங்கம்மா சட்டி பானைகளைத் துணியில் கட்டி வைத்தாள். "தலையை நிமிர்த்திப் பேசு. அழுதுகிட்டு வந்தா நான் வீட்டுக்குள்ள விட மாட்டேன். வீடு இருந்தா."

வீரமுத்து நடந்தான். வழியெல்லாம் ஒரு நீண்ட பேச்சைத் தயார் செய்தான். மண்ணைப் பற்றியும் மானத்தைப் பற்றியும் அதில் நல்ல நல்ல வாக்கியங்கள் இருந்தன. ஆனால் பங்களாப் படியேறும்போது விளக்கெண்ணெய் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. பேச்சைச் சுருக்க வேண்டியதாயிற்று.

வராந்தாவில் துரை நின்றிருந்தார். பக்கத்தில் ஐயாசாமி.

"பழம் நீ தின்னுச்சு?" என்று துரை தன் தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"நான்தான் தின்னேன்."

"இங்கே கொண்டு வராது?"

"கொண்டு வர மாட்டேன் துரை!"

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமும் கொண்டு வர மாட்டேன். அதுக்கு அடுத்த வருஷமும் மாட்டேன். பேரை வெட்டுறதுன்னா வெட்டுங்க. கொஞ்சம் சீக்கிரம் வெட்டுங்க!"

துரை அவனையே பார்த்தார். பிறகு இரண்டு எட்டில் இறங்கி வந்து, அந்தத் தோட்டத்தில் யாரும் கண்டிராத ஒரு காரியம் செய்தார். வீரமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்ல ஆள்! நாளைக்கு நீ சின்னக் கங்காணி!"

சீட்டியடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஐயாசாமியின் வாய் திறந்தது, மூடவில்லை. அந்த முகத்தை நின்று ரசிக்க வீரமுத்துவுக்குக் கொள்ளை ஆசை. விளக்கெண்ணெய் விடவில்லை. பங்களாவின் பின்பக்கம் ஓடினான்.

திரும்பி வந்தபோது, கால் நடுங்கினாலும் மார்பு விரிந்திருந்தது. சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த பங்களாச் சமையல்காரர் தங்கராஜு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"பாத்தீங்களாண்ணே?" என்றான் வீரமுத்து. "தலை குனிஞ்சு நீட்டுன வரைக்கும் நம்மள யாரு மதிச்சா? எதிர்த்து ஒரு வார்த்தை பேசுனேன், துரையே கையைக் குடுத்துட்டாரு!"

தங்கராஜு பீன்ஸைக் கீழே வைத்துவிட்டு அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"எதிர்த்தியா? அட போய்யா! வருஷா வருஷம் தப்படிச்சு, கத்தியோட திரண்டு வந்து, செவப்பு வழிய வழிய ஒரு முள்ளுக் குண்டை நீட்டுவீங்க. மனுஷன் உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டு, 'தங்கராஜு, இந்தத் தடவை என்ன குடுத்தா விடுவாங்க?'ன்னு நடுங்குவாரு, நான்தான் கிணறு, கூரைன்னு ஏதாவது சொல்லி வைப்பேன். இத்தனை வருஷமா அடங்காத கூட்டத்தை ஒரே நாளுல நீ அடக்கிக் குடுத்துட்டேன்னுதானய்யா உன்னைக் கங்காணியாக்கியிருக்காரு!"