ஆடு இல்லாத மேய்ப்பர்

நாய் வளர்ப்பவர்கள் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அவர்களைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது அதற்குள் அடங்கிய ஓர் உட்பிரிவைப் பற்றி. மலைச்சரிவில் ஆட்டு மந்தைக்கு நடுவே படுத்துக் கிடந்து, ஓநாயையும் கரடியையும் விரட்டுவதற்கென்றே பிறந்த கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்றை, ஆட்டைக் கறிக்கடையில் மட்டுமே பார்த்திருக்கும் ஒருவர், நாலு நாற்காலி போட்டால் நிரம்பிவிடும் முற்றமுள்ள வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்ப்பார். இவருக்கு ஆடு இல்லாத மேய்ப்பர் என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் ஒருவர் நிச்சயம் இருப்பார். இன்னும் வரவில்லையென்றால் பொறுங்கள், வந்துவிடுவார்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கறுப்புக் காற்சட்டையில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை முடி அப்பியிருக்கும். அலுவலகத்தில் அவர் கையெழுத்திட்ட கோப்பைப் பிரித்தால் முடி, அவர் வாங்கிக் கொடுத்த காப்பியில் முடி, அவர் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் விளக்கம் சொல்ல வேண்டிய அளவுக்கு முடி. தெருவில் போகிற அப்பாவி ஒருவர், மரியாதைக்காக, "ஆடு மேய்க்கிற நாயா சார்?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

"மேய்க்கிறது வேற, காக்கிறது வேற," என்று தொடங்குவார். "மேய்க்கிற நாய் சொன்னதைச் செய்யும். இவங்க அப்படி இல்ல. மேய்ப்பன் ஒரு மலையில இருப்பான், மந்தை இன்னொரு மலையில இருக்கும். யார் சொல்றது, யார் கேக்கிறது? தானா யோசிச்சு, தானா முடிவெடுத்துப் பழகினவங்க."

கேட்டவருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: கடிக்குமா, கடிக்காதா? அதற்குள் நாய் தன் முழு எடையையும் அவருடைய முழங்காலில் சாய்த்து நின்றுகொண்டிருக்கும். அவரால் நகரவும் முடியாது. பிரசங்கம் முடிகிற வரைக்கும் நின்றுதான் ஆக வேண்டும்.

என் பக்கத்து வீட்டுக்காரர் இந்த இனத்தில் பழுத்த பழம். காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். அவருடைய நாய்க்குப் பெயர் துரை. எங்களுக்கு இடையிலுள்ள சுவர் என் மார்பு உயரம். பின்னங்காலில் எழுந்து நின்றால் துரைக்கு அது தாடையை வைத்துக்கொள்ளும் உயரம். நான் துணி காயப்போடும்போது அந்தப் பெரிய வெள்ளை முகம் சுவர்மேல் அமர்ந்து, என் உள்ளாடைகளை ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கும்.

இருவரும் நடக்கப் போவதைப் பார்க்க வேண்டும். தெருமுனை வந்ததும் துரை நடுத்தெருவில் உட்கார்ந்துவிடும். பின்னால் குப்பை வண்டி, அதற்குப் பின்னால் பள்ளிப் பேருந்து, அதற்குப் பின்னால் அவசரமாக எங்கேயோ போக வேண்டிய பாதி ஊர். "கூப்பிட்டா எழுந்து வராதா சார்?" என்பார் குப்பை வண்டிக்காரர்.

"வருவாரு. யோசிக்கிறாரு."

"கொஞ்சம் அதட்டுங்களேன்."

"அதட்டினா மனசு ஒடிஞ்சிடுவாரு. இந்த இனத்துக்கு எடுத்துச் சொல்லணும். அப்புறம் காத்திருக்கணும்."

சொல்லிவிட்டு நிஜமாகவே நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து, வீட்டுக்குப் போனால் என்னென்ன நன்மை என்று துரைக்கு எடுத்துச் சொல்வார். கால்நடை மருத்துவர் ஒருமுறை, "கொஞ்சம் கண்டிப்பா இருங்க" என்று சொல்லிப் பார்த்தார். நம்மவர் கண்டிப்பாக இருந்தார். மருத்துவரை மாற்றிவிட்டார்.

அடடா, எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி, இவர் வீட்டிலுள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? நானும் குடிவந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன்.

அதே மனிதர் வாசலைத் தாண்டி உள்ளே போனால் வேறு ஆள். மனைவிக்கும் மகளுக்கும் அவர் வைத்திருப்பது ஒரே ஒரு சொல்: முடியாது. அதையும் அவர்கள் பேசி முடித்த பிறகு சொல்வதில்லை. "என்னங்க, இந்தச் சன்னலுக்குத் திரை..." முடியாது. "அப்பா, இந்த ஞாயித்துக்கிழமை நாங்க..." முடியாது. வாக்கியத்தின் கடைசிச் சொல் வருவதற்குள் பதில் வந்து உட்கார்ந்திருக்கும். அவர்கள் கேட்க வந்தது என்னவென்றே அவருக்குத் தெரியாது. தெருநாயே பயந்து ஒதுங்கும் குரல் அது. ஆனால் துரையிடம் அந்தக் குரல் எழுந்ததே இல்லை.

இந்தக் கோட்டையில் ஓர் ஓட்டை இருப்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தது அவர் மனைவிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முற்றத்தில் பாய் விரித்து, இரும்புப் பல் சீப்பால் துரைக்கு வாரிவிடுவார். அடிமுடி கொத்துக் கொத்தாக வந்து, கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு நாய் படுத்திருப்பதுபோல் குவிந்துவிடும். அந்தச் சமயத்தில் அவர் குரல் குழைந்திருக்கும். ஒரு நாள் அந்த அம்மாள் அலுத்துப்போய் நாயிடம் சொன்னார்: "குளியலறைக் குழாய் ஒழுகுது துரை. சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலிக்குது."

"அப்படியா கண்ணு? இன்னிக்கே பாத்துடுவோம்," என்றார் இவர், துரையின் வயிற்றை வாரிக்கொண்டே. அன்று மாலையே குழாய் சரியானது.

அதன்பிறகு அந்த வீட்டு நிர்வாகம் மொத்தமும் துரை வழியாகத்தான் நடந்தது. சன்னல் திரை, தங்கை வீட்டுக்கு ஒரு வாரப் பயணம், புதுக் கண்ணாடி எல்லாம் ஞாயிறு காலையில் துரையிடம் மனுவாகப் போய் அனுமதியாகத் திரும்பின. சண்டைக்காக ஜாடை பேசுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சமாதானத்துக்காக ஜாடை பேசிய குடும்பம் இது ஒன்றுதான்.

மகள் மட்டும் பிடி கொடுக்கவில்லை. பொறியியல் படித்தவள். தொலைவில் ஏதோ ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிற இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. "அப்பா, அந்தப் பாலம் வேலைக்கு..." முடியாது. மறுபடியும் முடியாது. பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. "துரைகிட்ட சொல்லிப் பாரேன்டி," என்றார் அம்மா.

"பெத்த அப்பாகிட்ட பேச நாய்கிட்ட சிபாரிசுக்குப் போகணுமா?" என்று அவள் அழுதது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து பாயோரம் உட்கார்ந்தாள். நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். செடிகளுக்குப் போதுமென்று ஆகி வெகுநேரம் ஆகியிருந்தது. அது வேறு விஷயம்.

"துரை, எனக்கு வேலை கிடைச்சிருக்கு."

"ரொம்ப தூரமாமே கண்ணு," என்றார் அப்பா, நாயின் காதுக்குப் பின்னால் வாரிக்கொண்டே.

"தூரம்தான் துரை. ஆனா நான் படிச்சதே இதுக்குத்தான்."

"தனியா இருக்கணுமே. உடம்புக்கு முடியலன்னா யாரு பாத்துப்பாங்க?"

"கூட வேலை செய்றவங்க இருக்காங்க. நானும் சின்னப் பிள்ளை இல்ல துரை."

காரியம் கனிந்துவிட்டது என்று நான் குழாயை அடுத்த தொட்டிக்கு மாற்றினேன். அப்போது பார்த்துத் துரை எழுந்தது. ஒரு முறை உடம்பை உதறியது. நேராக வாசல் கதவருகே போய், இருவருக்கும் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. அவர் கூப்பிட்டார், கெஞ்சினார், ரொட்டித் துண்டைக் காட்டினார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாயில் அப்பா, மகள், நடுவில் ஒரு குவியல் முடி. நாய் இல்லாமல் அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருக்குச் சீப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"அப்பா, நாளைக்குப் பதில் சொல்லணும். நான் போகணும்னு ஆசைப்படறேன்."

வாக்கியம் முழுசாக முடிந்தது. அவர் வாயைத் திறந்தார். எனக்கு அடுத்த சொல் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் நாயிடம் குழைந்த குரலிலிருந்து அந்த அதட்டல் குரலுக்கு மாற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு கண்ணு," என்றார்.

"எனக்கும்தான்ப்பா," என்றாள் அவள்.

சீப்பைப் பாயில் வைத்தார். "யோசிச்சு நீயே முடிவெடு," என்று சொல்லிவிட்டு, அவள் சட்டைக் கையில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துப்போட ஆரம்பித்தார். நான் குழாயை மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். என் தோட்டம் குளமாகியிருந்தது.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். மகள் இப்போது பாலத்தில் இருக்கிறாள். அவள் தொலைபேசியில் கூப்பிட்டால் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, "அக்கா சாப்பிட்டாளான்னு கேளு துரை," என்று நாயிடம்தான் சொல்கிறார். அவளும், "சாப்பிட்டேன்னு சொல்லு துரை," என்கிறாள்.

உங்களிடம் நாய் இல்லை. அதனால் இவ்வளவு நேரம் நிம்மதியாகச் சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் நீங்கள் வண்டியைத் துடைக்கும்போதோ, தொட்டிச் செடிக்கு மண் மாற்றும்போதோ, உங்கள் வீட்டில் யாராவது மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் முகத்தைப் பார்க்காமல், அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பிக்கிறார்களா? அப்படியானால் செய்கிற வேலையை நிறுத்தாமல், வாயை மட்டும் மூடிக்கொண்டிருங்கள். உங்களிடம் பேசுவதற்கு அவர்கள் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாகக் காத்திருக்கிறார்களோ.