நவராஜுக்கு நான் கொடுத்த நற்சான்று

யாரைப் பற்றியாவது விசாரிக்க வேண்டும் என்றால் தயவுசெய்து என்னிடம் வராதீர்கள். நான் ஒரே ஒரு முறை ஒருவருக்கு நற்சான்று கொடுத்தேன். அதைக் கேட்ட அரசாங்கம் அவரை நாட்டைவிட்டு அனுப்பப் பார்த்தது. (அனுப்பவில்லை. ஆனால் அவர் பெட்டி கட்டும் நிலைமைக்கு வந்துவிட்டார்.)

பழியை என் மேல் மட்டும் போட்டுக்கொள்ள மாட்டேன். பாதி எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கும் போகவேண்டும். அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் எங்கள் தெருவில் எந்தப் பையனுக்குச் சம்பந்தம் பேசினாலும், பெண் வீட்டார் விசாரிக்க வரும் முதல் வீடு எங்கள் வீடுதான். அரசாங்க ஆபீஸில் இருந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. (ஒரு தடவைகூட அரசாங்க ஆபீஸ் பக்கம் போகாதவர்கள் போல.)

அப்பாவின் பதில்கள் ஆளுக்கு ஆள் மாறாது. தங்கமான பையன், எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி, எந்த வேலையும் செய்வான், காசு காசு என்று அலைய மாட்டான், நாளைக்கே சொந்தமாகத் தொழில் ஆரம்பித்துவிடுவான். இது பொய் என்று ஊரில் யாரும் நினைப்பதில்லை. "நம்ம ஒரு சொல்லால ஒரு கல்யாணம் நின்னுபோச்சுன்னு இருக்கக் கூடாதுலே" என்பார் அப்பா. கேட்க வருகிறவர்களும் விவரமானவர்கள்தான். சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு, சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். இப்படியே பல குடும்பங்கள் அமைந்து நன்றாகவும் இருக்கின்றன.

இந்தப் பயிற்சியோடுதான் நான் ஆஸ்திரேலியாவுக்குக் கணக்கியல் படிக்கப் போனேன். படித்தது கணக்கு, பார்த்தது ஓர் இந்திய உணவகத்தில் மேனேஜர் வேலை. மேனேஜர் என்றால் சாவி என்னிடம் இருக்கும், திட்டும் எனக்குக் கிடைக்கும். அங்கே சமையல்காரராக இருந்தவர் நவராஜ். நேபாளத்தில் சித்வனைச் சேர்ந்தவர். ஆஸ்திரேலியாவில் ஹோட்டல் மேலாண்மை படித்து முடித்து, படித்தவர்களுக்குக் கொடுக்கும் தற்காலிக விசாவில் இருந்தார். என்னைவிட ஒரு வயது இளையவர். என்னை 'தாஜு' என்பார், நேபாளியில் அண்ணன்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் நேபாளத்துப் பட்டதாரிகள். எந்தப் பேச்சை எடுத்தாலும் பத்து நிமிடத்தில் 'ஸ்பான்சர்' என்ற சொல்லில் வந்து முடியும். விஷயம் இதுதான்: ஒரு முதலாளி, "எனக்கு இந்த வேலைக்கு இந்த ஆள் வேண்டும்" என்று அரசுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த ஆள் அதே வேலையை ஏற்கெனவே முழுநேரமாக, முறையான சம்பளத்துக்குச் செய்தவர் என்று காட்ட வேண்டும். விசா கிடைத்தால் மனைவி, பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம். அதே முதலாளியிடம் சில வருடம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். வீட்டில் ஒருவனுக்கு ஸ்பான்சர் கிடைத்துவிட்டால் மற்றவர்கள் அன்று முழுக்க அவனைப் புது மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

எனக்குக் கிடைக்கவில்லை. என் கணக்கு அறிவு தேவைப்படும் முதலாளி அந்தக் கண்டத்தில் யாரும் இல்லை. விசா முடிந்ததும் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தேன். நவராஜுக்கு மட்டும் ஆஸ்திரேலியாவின் உட்பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஓர் உணவகக்காரர் எழுதிக்கொடுக்க முன்வந்தார். ஒரே சிக்கல், பழைய உணவகம் மூடப்பட்டு, முதலாளி எங்கே போனார் என்றே தெரியவில்லை. நவராஜ் அங்கே சமைத்தார் என்று சொல்ல உலகத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. அவர் மனைவி சரிதா சித்வனில் இருந்தாள். மகள் பிறந்ததே அவர் விமானம் ஏறிய பிறகுதான். அப்பாவைப் போனில் மட்டும் பார்த்த பிள்ளை அது.

நான் கடிதம் எழுதி அனுப்பினேன். எழுதினேன் என்பது ஒரு பேச்சுக்கு. அவர் அனுப்பியதில் கையெழுத்துப் போட்டேன்.

"தாஜு, ஆபீஸிலிருந்து உங்களைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். கடிதத்தில் இருப்பதைச் சொன்னால் போதும்" என்றார் நவராஜ்.

"அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக ஆபத்தான வாக்கியம் அதுதான்.

அழைப்பு வந்த அன்று காலையில் சிவகிரியிலிருந்து ஒரு பெண் வீட்டார் வந்திருந்தார்கள். அடுத்த தெருப் பையனைப் பற்றி விசாரணை. அந்தப் பையன் முந்தின மாதம்தான் எங்கள் கேட்டில் பைக்கைக் கொண்டுவந்து மோதிவிட்டு, கேட் அங்கே இருந்தது தப்பு என்று சண்டை போட்டவன்.

"பையன் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டார் வந்தவர்.

"அவனா? வாய் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டான். இருக்க எடமே தெரியாது" என்றார் அப்பா, வளைந்துபோன கேட்டைப் பார்த்துக்கொண்டே.

அவர்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் போன் அடித்தது. வெளிநாட்டு எண். குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள், மிகவும் மரியாதையாகப் பேசினார். நவராஜ் பற்றிச் சில கேள்விகள் கேட்கலாமா என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். (அன்றைக்கு இரண்டாவது விசாரணை. ஆனால் இது பெரிய இடம்.)

"அவர் உங்களுக்கு உறவினரா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"உறவினர் மாதிரி என்ன, கூடப் பிறந்த தம்பிதான். எங்கள் வீட்டுப் பிள்ளை" என்றேன்.

"அங்கே அவர் என்ன வேலை பார்த்தார்?"

"அவர் பார்க்காத வேலையே கிடையாது. சமைப்பார், பாத்திரம் கழுவுவார், கல்லாவில் உட்காருவார், மூட்டை தூக்குவார், குழாய் ஒழுகினால் சரிசெய்வார்." (பாத்திரம் கழுவுகிறவர் வராத ஒரு நாள், நான் கெஞ்சியதற்காக நாலு தட்டு கழுவினார். அவ்வளவுதான்.)

"வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?"

"கடிகாரம் பார்த்து வேலை செய்கிற ஆள் இல்லை அவர்."

"சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா?"

"சம்பளம் என்று ஒரு நாள்கூட வாய் திறந்து கேட்டதில்லை. காசை மதிக்கிற மனிதரே இல்லை."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் விடாமல் கேட்டது. என் பேச்சில் அவர் சொக்கிப்போய்விட்டார் என்று நினைத்தேன். அதனால் அவர் கேட்காததையும் சேர்த்துக்கொடுத்தேன். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், பெண்கள் விஷயத்தில் சுத்தம் என்றேன். அதை நான் கேட்கவில்லையே என்றார் அவர். கடைசியாக, "இவ்வளவு திறமைசாலி இன்னொருவரிடம் வேலைக்காரனாக இருக்க மாட்டார். ஒரே வருடத்தில் சொந்தமாக ஹோட்டல் வைத்துவிடுவார், பாருங்கள்" என்று முடித்தேன்.

"மிகவும் பயனுள்ள தகவல்கள். நன்றி" என்று அவர் வைத்துவிட்டார்.

"கொற ஒண்ணும் வைக்காமச் சொல்லிட்டலே" என்றார் அப்பா. அவர் என்னைப் பாராட்டுவது அபூர்வம். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா மட்டும் எட்டிப் பார்த்தாள். "கேக்காததயெல்லாம் என்னத்துக்குலே சொன்ன? அங்கன என்ன பொண்ணா குடுக்கப் போறாவ?"

அம்மாவுக்கு உலக அனுபவம் போதாது என்று நானும் அப்பாவும் ஒரே மனதாக முடிவு செய்தோம்.

மூன்று வாரம் கழித்து நவராஜ் ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அரசாங்கக் கடிதம். நான் சொன்னதெல்லாம் வரி பிசகாமல் அதில் இருந்தது. சாட்சி சொன்னவர் விண்ணப்பதாரரின் நெருங்கிய உறவினர். விண்ணப்பதாரர் சமையல்காரராக மட்டும் வேலை பார்க்கவில்லை. வேலை நேரத்துக்குக் கணக்கு இல்லை. சம்பளம் பெற்றதாகத் தெரியவில்லை. ஸ்பான்சர் செய்யும் முதலாளியிடம் நீடிக்கும் எண்ணமும் இல்லை. விசாவை ஏன் மறுக்கக் கூடாது என்பதற்கு நான்கு வாரத்தில் பதில் தரவும்.

நாலு கேள்விக்கு ஐந்து ஆப்பு வைத்திருக்கிறேன். வேண்டுமென்றே கெடுக்க நினைப்பவனால்கூட இத்தனை கச்சிதமாகச் செய்ய முடியாது.

உடனே அவரை அழைத்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை.

"தாஜு, நான் உங்களுக்கு ஏதாவது தப்பு செய்திருக்கிறேனா?" என்று மட்டும் கேட்டார். சரிதாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றார். அவள் மகளுக்குக் குளிருக்குப் போட ஸ்வெட்டர் வாங்கி வைத்துவிட்டாளாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எங்கள் ஊர் விசாரிப்பு முறையை அவருக்கு விளக்கினேன். முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்கள் ஊரிலும் இப்படித்தான். ஆனால் விசாவுக்கு யாரும் செய்ய மாட்டார்கள்" என்றார்.

விசா விஷயங்களைப் பார்க்கும் அவருடைய ஏஜெண்ட் வழி சொன்னார். சம்பளச் சீட்டு, வேலை நேர அட்டவணை எல்லாவற்றையும் நவராஜ் ஒரு தாள் விடாமல் வைத்திருந்தார். அவற்றோடு நான் ஒரு பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். போனில் சொன்னது தவறு, நடந்தது இதுதான் என்று சத்தியம் செய்து எழுத வேண்டும்.

உட்கார்ந்து எழுதினேன். நவராஜ் சமையலைத் தவிர எந்த வேலையும் செய்ய மாட்டார். பாத்திரம் கழுவச் சொன்னால் அது என் வேலை இல்லை என்பார். வேலை நேரம் முடிந்த அந்த நிமிடம் ஏப்ரனைக் கழற்றிவிடுவார். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் கவலைப்பட மாட்டார். சம்பளம் ஒரு நாள் தாமதமானதற்கு என்னிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார். சொந்தத் தொழில் நடத்தும் சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. அவருக்கும் எனக்கும் இரத்த வழியிலோ திருமண வழியிலோ எந்த உறவும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தனையும் உண்மை. மேனேஜராக இருந்தபோது இதற்காகவெல்லாம் நான் அவர் மேல் கடுப்பில் இருந்தவன்தான்.

நோட்டரியிடம் போவதற்கு முன் அப்பா அதை வாங்கிப் படித்தார்.

"என்னலே இது? இப்படி எழுதிக் குடுத்தா எவன் பொண்ணு குடுப்பான்?"

"அவனுக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளையே இருக்குப்பா."

"இருந்தாலும் ஒரு நல்ல வார்த்த சேர்த்து எழுதுலே. பாவம்லா" என்றார். நான் சேர்க்கவில்லை.

கோர்ட் பக்கம் இருக்கும் நோட்டரி அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"ஒமக்கும் இவருக்கும் பகையா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி. ரொம்ப வேண்டப்பட்டவரு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அத்தனை சத்தமாக முத்திரை குத்தி நான் கேட்டதில்லை.

சில மாதம் கழித்து விசா வந்தது. சரிதாவும் மகள் ஆஸ்மியும் போய்ச் சேர்ந்தார்கள். நவராஜ் அதே முதலாளியிடம் பிசகாமல் வேலை பார்த்து, இப்போது நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் வாங்கிவிட்டார். என் பிரமாணப் பத்திரத்தின் நகல் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. சரிதா பாத்திரம் கழுவச் சொன்னால் அவர் இரண்டாவது வரியைத் தொட்டுக் காட்டுகிறாராம். மாற்றி ஒன்று எழுதித் தரச் சொல்லி அவள் என்னை வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்பனின் அண்ணனை நேபாளியிலும் 'பெரிய அப்பா' என்ற பொருளில்தான் கூப்பிடுகிறார்கள். ஆஸ்மிக்கு நான் எந்த வகையில் பெரியப்பா என்று அவளுடைய பள்ளித் தோழி கேட்டாளாம். நவராஜ் அந்தப் பத்திரத்தின் கடைசி வரியைப் படித்துக் காட்டியிருக்கிறார். அதிலிருந்து நான் போன் செய்தால் அந்தப் பிள்ளை, "அப்பா, எந்த உறவும் இல்லாத பெரியப்பா கூப்பிடுகிறார்" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு ஓடுகிறாள்.

நவராஜ் வந்து போனை வாங்குவார்.

"சத்தியமாக எந்த உறவும் இல்லைதானே தாஜு?"

"சத்தியமாக இல்லை" என்பேன்.

பிறகு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம்.