இசைத்தட்டில் இல்லாத இரண்டு வரிகள்

வீட்டில் எதை வேண்டுமானாலும் பூவம்மாவுக்கு விட்டுக்கொடுக்கலாம், அந்த ஒரு இசைத்தட்டை மட்டும் விடுவதில்லை என்று தங்கராஜு கல்யாணமான புதிதிலேயே சபதம் எடுத்திருந்தார். டிவி ரிமோட் போயிற்று. ஏர்கான் போயிற்று. செங்காங் வட்டாரத்தில் வாங்கிய வீட்டின் சுவருக்கு என்ன நிறம் என்பதையே பெயிண்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். மிச்சம் இருந்தது அந்த ராக் ஆபராதான். ஒரு கலங்கரை விளக்கக் காவலாளியின் கதையை இருபது பாடல்களில் சொல்லும் பழைய ஆங்கில இசைத்தட்டு. முப்பது வருஷமாக ஞாயிறுதோறும் அதைப் போடுவார். அடுக்களையிலிருந்து, "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க!" என்று குரல் வரும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்லிக்கொள்வார், மனசுக்குள் மட்டும்.

அதையே ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா புதிதாக அமைத்து வாசிக்கப்போகிறது என்று தெரிந்ததும் டிக்கெட் வாங்கினார். ஒன்றே ஒன்று.

"சனிக்கிழமை பக்கத்து வீட்டு அசோக்கோட கிராஞ்சி போறேன். நர்சரில செடி பார்க்கணும். அங்க பஸ் சரியா கிடைக்காது, லேட் ஆகும்."

"போயிட்டு வாங்க. எனக்கும் அன்னிக்குத்தான் கொயர் கச்சேரி இருக்கு லா."

"நல்லாப் பாடு."

கம்யூனிட்டி கிளப்பின் சேர்ந்திசைக் குழுவில் அவள் பாடப் போவது தெரியும். என்ன பாட்டு என்று கேட்டதில்லை. பஜனையாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவுகட்டியிருந்தார். கேட்டால் "நீங்களும் வாங்க" என்பாளோ என்ற பயம் வேறு.

சனிக்கிழமை நான்காவது வரிசையில் உட்கார்ந்தார். கிதார் அலற வேண்டிய இடத்தில் செல்லோக்கள் மெல்ல விசும்பின. முதலில் கோபம் வந்தது. பிறகு கண் கலங்கியது. "கேட்டியா இதை?" என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லையே என்று முதல் தடவையாக வருத்தப்பட்டார். அப்போது மேடையின் பின்வரிசையில், ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பாட வந்திருந்த கம்யூனிட்டி கிளப் கொயர் எழுந்து நின்றது. கறுப்புப் புடவையில், இடமிருந்து மூன்றாவது, பூவம்மா.

தங்கராஜு நாற்காலிக்குள் சரிந்தார். அவள் கையில் தாள் இருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. அத்தனையும் மனப்பாடம். அவருக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. தன்னை மறந்து கூடவே பாட ஆரம்பித்தார்.

அங்கேதான் வந்தது வினை. வீட்டு இசைத்தட்டில் பதினோராவது பாட்டில் ஒரு கீறல். முள் அந்த இடத்தில் இரண்டு வரிகளைத் தாண்டிக் குதித்துவிடும். முப்பது வருஷமாக அவர் மனப்பாடம் செய்தது அந்தக் குதிப்போடுதான். மேடையில் அந்த இரண்டு வரிகள் காற்றுபோல மெதுவாக வர, தங்கராஜு மட்டும் தன்னந்தனியாக அடுத்த வரியை உச்சக்குரலில் எடுத்தார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

கச்சேரி முடிந்ததும் வாசலில் பூவம்மா காத்திருந்தாள்.

"செடி எங்க?"

"உனக்கு இந்தப் பாட்டெல்லாம் பிடிக்காதுன்னு நெனச்சேன்."

"சத்தத்தைக் குறைங்கன்னுதான் சொன்னேன். நிறுத்துங்கன்னு என்னிக்காவது சொன்னேனா?"

யோசித்துப் பார்த்தார். சொன்னதில்லை.

"முதல் ரிஹர்சல்ல நானும் அதே இடத்துலதான் குதிச்சேன்" என்றாள் அவள். "நம்ம வீட்டு ரெக்கார்டுல அந்த ரெண்டு வரியே கிடையாதே."

அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவள் அடுக்களையில் நின்றபடி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவர்தான் சோபாவில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"கண்டக்டர் ரொம்பக் கோவிச்சுக்கிட்டாரா?" என்று சன்னமாகக் கேட்டார்.

"நாலாவது வரிசையில அந்த ஆளு யாருன்னு எங்க எல்லாரையும் கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"யாருன்னே தெரியலைன்னுட்டேன்."